பதினெட்டு வயது ஓட்டுநரும் கார் இன்சூரன்சும்: சேலத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிந்த கையோடு லைசென்ஸ், லைசென்ஸ் கிடைத்த கையோடு கார் சாவி. இது சேலத்தில் பல வீடுகளில் நடப்பதுதான். இன்சூரன்ஸ் செலவு எவ்வளவு கூடும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. தொகைகள் எல்லாம் சொந்த உபயோகக் காருக்கானவை.

பையனுக்கு 18 முடிந்துவிட்டது. இனி அவனும் எங்கள் காரை ஓட்டுவான். பிரீமியம் கூடுமா?

அவன் ஓட்டுகிறான் என்பதற்காகக் கூடாது. நம் நாட்டில் பாலிசி வண்டியின் மேல் எழுதப்படுகிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு, அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருப்பவர் யார் ஓட்டினாலும் அதே பாலிசி போதும். பையன் பெயரைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

பிரீமியத்தில் இரண்டு பாகம் உண்டு. முதலாவது தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் காயத்துக்கும் சேதத்துக்குமானது. இதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒரே தொகைதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஓட்டுநரின் வயதுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இரண்டாவது பாகம் ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கானது. இது காரின் ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு, இன்ஜின் அளவு, காரின் வயது, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. சென்னை, பெங்களூரு, மும்பை உட்பட எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம். சேலம் பி மண்டலம். ஆகவே பழைய கட்டணப் பட்டியலின்படி, டி.என். 30, டி.என். 54 எண் கொண்ட கார்களுக்கு அடிப்படை விகிதம் சென்னைக் கார்களைவிடக் கொஞ்சம் குறைவு.

2007 ஜனவரி 1 முதல் இந்த இரண்டாவது பாகத்துக்கான கட்டணக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அதனால் தள்ளுபடியைக் கம்பெனிகள் தங்கள் கணக்குப்படி தருகின்றன. அந்தக் கணக்கில் *உரிமையாளரின்* வயதும் முந்தைய கிளைம்களும் வரலாம். பணம் கூடுவதும் குறைவதும் இங்கேதான். கார் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியைக் கீழே தனியாகப் பாருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், மகனுக்கு லைசென்ஸ் கிடைத்ததும் இன்சூரன்ஸ் எகிறிவிட்டது என்கிறாரே?

அங்கே கதை வேறு. அங்கே வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்து ஆளுக்கு ஆள் விலை போடுகிறார்கள். 16 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் உயிர்ப்பலி விபத்து, 20 வயதைத் தாண்டியவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது அங்குள்ள கணக்கு. அதனால்தான் அந்த விலை.

அங்கே குறைக்கும் வழிகளும் அதற்கேற்ப உள்ளன. தனிப் பாலிசி எடுக்காமல் பெற்றோர் பாலிசியில் சேர்ப்பது, பள்ளியில் சராசரி ‘பி’ கிரேடு இருந்தால் நல்ல மாணவர் தள்ளுபடி கேட்பது, கார் இல்லாமல் 100 மைலுக்கு அப்பால் கல்லூரி விடுதியில் தங்கினால் அதற்கான தள்ளுபடி வாங்குவது, ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருவி பொருத்துவது. இவற்றில் மார்க் வைத்துத் தரும் தள்ளுபடி இங்கே வழக்கத்தில் இல்லை. டிரைவிங் ஸ்கூல் சான்றிதழைக் காட்டினாலும் பிரீமியத்தில் தனியாக எதுவும் கழியாது. கற்றுக்கொள்ளத் தேவைதான், பிரீமியம் குறைக்க உதவாது.

புது காரைப் பையன் பெயரிலேயே வாங்கலாமா? பழைய காரை அவன் பெயருக்கு மாற்றலாமா?

செலவு குறைய வேண்டும் என்றால் இரண்டும் வேண்டாம். காரணம் என்.சி.பி., அதாவது கிளைம் கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி. கிளைம் இல்லாத ஒரு ஆண்டு முடிந்தால் ஓன் டேமேஜ் பாகத்தில் 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, ஐந்து ஆண்டு முடிந்தால் 50 சதவீதம் கழியும். இந்தத் தள்ளுபடி ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. அப்பா 50 சதவீதம் சேர்த்து வைத்த காரைப் பையன் பெயருக்கு மாற்றினால், அந்த 50 அப்பாவிடமே நின்றுவிடும். பையன் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவான். நடப்புப் பாலிசியைப் பையன் பெயருக்கு மாற்றும்போது, அதுவரை கழித்துக்கொடுத்த தள்ளுபடியின் மீதிக் காலத் தொகையைக் கம்பெனி திரும்பக் கேட்கும். உரிமையாளர் இறந்து, கார் மனைவி, கணவர், பிள்ளை அல்லது பெற்றோர் வசம் போகும்போது மட்டுமே தள்ளுபடியும் கூடவே போகும்.

அதனால் செய்ய வேண்டியது: பழைய காரை விற்கும்போது கம்பெனியிடம் என்.சி.பி. ரிசர்விங் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் அதே ஆள் பெயரில் வாங்கும் காருக்கு அந்தத் தள்ளுபடியைக் கொண்டுபோகலாம். பையன் ஓட்டப்போகும் காரையும் அப்பா பெயரில் வாங்கி, இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் முதல் நாளே 50 சதவீதம் கழியும். டீலர் கொடுக்கும் கொட்டேஷனில் இது இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கார் அப்பா பெயரில் இருந்தால், பையன் யாரையாவது இடித்தால் நஷ்ட ஈடு வழக்கில் அப்பாவும் எதிர்மனுதாரர்தான். பாலிசி உயிரோடும், பையனின் லைசென்ஸ் சரியாகவும் இருக்கும் வரை பணச்சுமை கம்பெனியுடையது.

17 வயது ஆகிறது. நன்றாக ஓட்டுகிறான். வீட்டுத் தெருவில் மட்டும் கொடுக்கலாமா?

கூடாது. கார் ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதுக்காரருக்குக் கிடைப்பது 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டும். இன்று கடைகளில் விற்கும் 110 சி.சி. ஸ்கூட்டர்கள் எதுவும் இதில் அடங்காது. டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் ஆர்.சி. 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இன்சூரன்ஸ் பக்கம் இன்னும் மோசம். உங்கள் காரின் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. அடிபட்டவருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டால் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்கும். ‘கொடுத்துப் பின் வசூலி’ என்ற இந்த முறையை 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. தலைக்காயம் பட்டவருக்கான நஷ்ட ஈடு பல லட்சம் போகும். வீட்டுப் பத்திரம் வரை வந்துவிடும் விஷயம்.

எல்.எல்.ஆர். வைத்து ஓட்டும்போது பாலிசி செல்லுமா?

செல்லும், மூன்று நிபந்தனை சரியாக இருந்தால். எல்.எல்.ஆர். காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து நிரந்தர லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். பக்கத்து இருக்கையில் கார் லைசென்ஸ் உள்ளவர், வண்டியை நிறுத்தக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ பலகை இருக்க வேண்டும்.

விபத்துக்குப் பின் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி, பக்கத்தில் யார் இருந்தார் என்பதுதான். பின் இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தால் அது போதாது. கன்னங்குறிச்சிப் பக்கம் காலை ஆறு மணிக்குக் காலியான ரோட்டில் பழகினாலும் இதே விதிதான்.

பைக் லைசென்ஸ் இருக்கிறது. கார் ஓட்டினால் என்ன?

இளம் ஓட்டுநர்களின் கிளைம் மறுக்கப்படும் காரணங்களில் இது அடிக்கடி வருவது. கியர் பைக் லைசென்ஸ் காருக்குச் செல்லாது, லைசென்சில் எல்.எம்.வி. எனப்படும் இலகு ரக வாகன வகை இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வகைக்கும் எல்.எல்.ஆர். போட்டுவிட்டு, பைக் டெஸ்டில் மட்டும் பாஸ் ஆகி, கார் டெஸ்டைத் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. கையில் அட்டை வந்துவிட்டது என்று நினைத்துக் காரையும் எடுத்துவிடுகிறார்கள். அட்டையைப் பார்த்து வகையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பையன் கேட்டில் உரசிவிட்டான். கிளைம் போடலாமா?

இந்தப் பக்கத்தில் அதிகப் பணம் மிச்சமாகும் இடம் இதுதான். கணக்கோடு பார்ப்போம்.

ஒரு 998 சி.சி. கார். தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ் 6,000 ரூபாய் என்று வையுங்கள். 50 சதவீதம் என்.சி.பி. இருப்பதால் 3,000 மட்டும் கட்டுகிறீர்கள். பம்பரும் கதவும் உரசியதில் டிங்கர், பெயிண்ட் சேர்த்து 5,000 ரூபாய் பில். கிளைம் போட்டால் 1500 சி.சி. வரை உள்ள காருக்கு நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போகும். பெயிண்டுக்கான பொருள் விலையில் பாதியும் கழியும். கையில் வருவது ஏறத்தாழ 3,400.

இப்போது இழப்பு. அடுத்த ஆண்டு தள்ளுபடி பூஜ்ஜியம்: 3,000 கூடுதல். அதற்கடுத்த ஆண்டு 20 சதவீதம்தான்: 1,800 கூடுதல். பிறகு 1,500, 900, 300. ஐந்து ஆண்டில் 7,500, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8,850 ரூபாய். ஐ.டி.வி. ஆண்டுதோறும் இறங்குவதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையும். ஆனாலும் 3,400 வாங்க அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறோம்.

ஆகவே இந்தக் காருக்கு ஒரு 11,000 ரூபாய்க்குக் கீழே உள்ள பில்லைக் கைக்காசில் முடிப்பதே லாபம். உங்கள் காருக்கு இதே கணக்கைப் போட்டு, அந்த எண்ணைப் பாலிசி அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். என்.சி.பி. 20 சதவீதம்தான் இருக்கிறது என்றால் எல்லை ஓரளவு தாழும். அப்போதும் கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.

‘ஆண்டுக் கடைசியில் எல்லாக் கீறலையும் சேர்த்து ஒரே கிளைமாகப் போட்டுக்கொள்ளலாம்’ என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். இடது பக்கக் கதவில் ஒரு அடி, வலது பின்பக்கம் ஒரு அடி என்றால் சர்வேயர் அவற்றைத் தனித்தனி விபத்தாகவே எடுப்பார்; கழிவும் ஒவ்வொன்றுக்கும் தனி. துரு ஏறிய பழைய அடி பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எதிராளிக்குக் காயம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி கிளைமால் மட்டும் என்.சி.பி. போகாது.

கூடுதல் பணம் கட்டி வாங்கும் ஆட்-ஆன்களில் எது வேண்டும், எதை வெட்டலாம்?

முதல் இரண்டு ஆண்டு புது ஓட்டுநருக்கு ஜீரோ டிப்ரிசியேஷன், அதாவது பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன் வேண்டும். பம்பர் டு பம்பர் என்று சொல்வது இதைத்தான். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் ஆகியவற்றுக்குப் பாதி விலைதான் வரும். உலோகப் பாகத்துக்குக் காரின் வயதுக்கேற்ப கழிப்பார்கள். இன்றைய கார்களில் அடிபடும் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக். ஐந்து வயதைத் தாண்டிய காருக்குப் பல கம்பெனிகள் இதைத் தருவதில்லை. ஆண்டுக்கு எத்தனை கிளைம் வரை என்ற வரம்பையும் பாருங்கள்.

என்.சி.பி. புரொடெக்ட், 45 அல்லது 50 சதவீதம் இருந்தால் மட்டும் யோசிக்கத் தக்கது. அது சதவீதத்தைக் காக்கும். கம்பெனி தரும் மற்ற தள்ளுபடியை அடுத்த ஆண்டு குறைப்பதைத் தடுக்காது. ரோடு சைடு அசிஸ்டன்ஸ், மலைக்குப் போகிறவர்களுக்கு உதவும். கார் திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ வாங்கிய விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் புதுக் காருக்கு மட்டும். சாவி, உடைமை போன்றவற்றை வெட்டலாம்.

வாலன்டரி டிடக்டிபிள் எடுத்தால் குறையுமாமே?

குறையும். கிளைமில் இவ்வளவு தொகையை நானே ஏற்கிறேன் என்று முன்கூட்டி ஒப்புக்கொள்வது அது. பழைய கட்டணப் பட்டியலின் அளவுகளைத்தான் இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்: 2,500 ரூபாய் ஏற்றால் ஓன் டேமேஜில் 20 சதவீதம், ஆனால் 750க்கு மிகாமல், 5,000க்கு 25 சதவீதம், 1,500க்கு மிகாமல், 7,500க்கு 30 சதவீதம், 2,000க்கு மிகாமல், 15,000க்கு 35 சதவீதம், 2,500க்கு மிகாமல்.

சின்னக் கிளைம் போடுவதில்லை என்று மேலே முடிவெடுத்தவர்களுக்கு 2,500 அல்லது 5,000 பொருத்தம். எப்படியும் அந்தப் பணத்தைக் கேட்கப்போவதில்லை. 15,000 வேண்டாம். ஆண்டுக்கு 2,500 மிச்சம் பிடிக்கப் போய், முதல் பெரிய இடியிலேயே ஆறு ஆண்டு மிச்சத்தை ஒரே நாளில் கொடுக்க நேரும்.

திருட்டுத் தடுப்புக் கருவி, ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர் தள்ளுபடி?

ஏ.ஆர்.ஏ.ஐ. எனப்படும் வாகன ஆராய்ச்சிச் சங்கம் அங்கீகரித்த கருவிக்கு 2.5 சதவீதம், 500 ரூபாய்க்கு மிகாமல். சங்க உறுப்பினருக்கு 5 சதவீதம், 200 ரூபாய்க்கு மிகாமல். 3,000 ரூபாய் ஓன் டேமேஜில் 2.5 சதவீதம் என்றால் 75 ரூபாய். ஏற்கெனவே இருந்தால் கேளுங்கள், இதற்காக வாங்காதீர்கள்.

ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ற பாலிசி மாணவர்களுக்கு லாபமா?

பெரும்பாலும் ஆம். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இவற்றை அனுமதித்தது. ஓட்டும் தூரத்துக்கு ஏற்றது ஒன்று, ஓட்டும் விதத்துக்கு ஏற்றது இன்னொன்று. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் பையன் பஸ்ஸில் போய்வந்து, கார் வாரக் கடைசியில் மட்டும் வெளியே வருகிறது என்றால் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் தாண்டுவது கடினம்.

முதலில் ஓடோமீட்டரைப் பார்த்து, போன சர்வீஸ் பில்லில் உள்ள எண்ணோடு கழித்து, ஆண்டுத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேல் ஒரு 1,000 சேர்த்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தூரம் தீர்ந்ததும் டாப்-அப் செய்ய மறந்தால் ஓன் டேமேஜ் கிளைம் சிக்கலாகும். தேர்ட் பார்ட்டி மட்டும் தொடரும். அதன் கட்டணம் இந்தத் திட்டத்தால் குறைவதும் இல்லை.

ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் திட்டம் திடீர் பிரேக்கையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளும். பெற்றோருக்கும் அந்த விவரம் தெரியும் என்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

எந்தக் கார் வாங்கினால் இன்சூரன்ஸ் குறையும்?

மேலே சொன்ன 2022 பட்டியலின்படி, 1000 சி.சி.க்குள் இருந்தால் தேர்ட் பார்ட்டி ஜி.எஸ்.டி.யோடு 2,471 ரூபாய். 1197 சி.சி. காருக்கு 4,031. 1500ஐத் தாண்டினால் 9,318. பேட்டரி காருக்கு 30 கிலோவாட் வரை 1,780, அதற்கு மேல் 65 வரை 2,904 ரூபாய், வரி தனி. சிறிய ஐ.டி.வி. கொண்ட ஐந்தாறு வயதுக் கார் முதல் இரண்டு ஆண்டுக்குப் போதும். பம்பர் விலையும் குறைவு. பழைய கார் வாங்கினால், ஆர்.சி. மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். தேர்ட் பார்ட்டி தானாக மாறும். ஓன் டேமேஜ் மாறாது.

அகல டயர், சைலன்சர் மாற்றம், சி.என்.ஜி. கிட் எதுவானாலும் கம்பெனிக்குத் தெரிவித்துப் பாலிசியில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், கிளைம் நேரத்தில் பெரிய தகராறாகும்.

ஏற்காடு போய்வர பையனிடம் காரைக் கொடுக்கலாமா? மலையில் எதெல்லாம் பாலிசியில் வராது?

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. சேர்வராயன் மலை ஏறி இறங்குவதில் இன்சூரன்ஸ் தரும் சேதமும் உண்டு, தராத சேதமும் உண்டு.

மழைக்காலத்தில் பாறை உருண்டு காரின் மேல் விழுந்தாலோ மண் சரிந்தாலோ ஓன் டேமேஜில் வரும். நிலச்சரிவும் பாறைச் சரிவும் பாலிசியிலேயே எழுதப்பட்ட ஆபத்துகள். கல் கிடக்கும் நிலையிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள், நெடுஞ்சாலைத்துறை அகற்றிய பிறகு சாட்சி இருக்காது. பனிமூட்டத்தில் காட்டெருமை குறுக்கே வந்து இடித்தாலும் வரும்.

வராதவை தேய்மானமும் இயந்திரக் கோளாறும். வளைவில் நின்று நின்று பாதிக் கிளச்சில் ஏறிக் கிளச் பிளேட் எரிந்தால் முழுச் செலவும் உங்களுடையது. டயர் மட்டும் வெடித்தால் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால் டயருக்குப் பாதி வரும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டு, பிரேக்கை விடாமல் மிதித்தால் பேட் சூடேறிப் பிடி குறையும், பிரேக் ஆயிலே கொதிக்கும். அதனால் நேர்ந்த இடிக்குப் பாலிசி உண்டு, கருகிய பேடுக்கு இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்களின் சொல். இரண்டாம் கியர், செங்குத்தில் முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் அல்லது ‘எல்’ நிலை. ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி.

அதிகப் பணம் போவது எஸ்டேட் ரோடுகளில். கல்லில் அடிப்பாகம் மோதி, இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான ஆயில் சம்ப் உடையும். அதற்குக் கிளைம் உண்டு. ஆனால் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தபிறகும் ‘அடிவாரம் வரை போய்விடலாம்’ என்று ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், அந்த இன்ஜின் செலவு பின்விளைவுச் சேதம் என்று மறுக்கப்படும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகும். விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்.

சாதாரணப் பாலிசியில் கட்டி இழுக்கும் செலவுக்கு 1,500 ரூபாய்தான் வரம்பு. மலையிலிருந்து சேலம் வரை ரெக்கவரி வண்டிக்கு அது பற்றாது. ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்தால், எத்தனை கிலோமீட்டர் வரை இழுப்பார்கள், மலைப்பாதைக்கு வருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

எங்கள் யோசனை: லைசென்ஸ் வாங்கி ஆறு மாதமாவது சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி ரோடுகளில் பழகட்டும். பிறகு பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, வார நாளில், பகலில் மலை ஏறட்டும். கோடை விழா நாட்களில் வேண்டவே வேண்டாம். இரவில் தொப்பூர் கணவாய்க்கும் இதே பேச்சு.

பையன் ஓட்டி அவனுக்கே அடிபட்டால் பாலிசி தருமா?

பலர் கவனிக்காத ஓட்டை இது. கட்டாயமாக விற்கப்படும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு *உரிமையாளர்-ஓட்டுநருக்கு* மட்டும். அப்பாவின் காரை ஓட்டும் பையன் அதில் வரமாட்டான். தேர்ட் பார்ட்டியிலும் வராது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009ஆம் ஆண்டு நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு வண்டியின் தவறு இல்லாமல், தானே மரத்தில் மோதினால் நஷ்ட ஈடு கேட்க வழியில்லை.

பையன் பெயரில் தனி விபத்துக் காப்பீடு எடுங்கள். பைக், பஸ், கார் எதில் அடிபட்டாலும் செல்லும். அந்தப் பணத்தை இதே இடத்தில் மிச்சம் பிடிக்கலாம்: ஒரே ஆள் பெயரில் காரும் ஸ்கூட்டரும் இருந்தால் 15 லட்சக் காப்பீடு ஒன்று போதும், இரண்டாவது பாலிசியில் நீக்கச் சொல்லலாம். கார் அம்மா பெயரில் இருந்து அம்மாவுக்கு லைசென்சே இல்லை என்றால், அந்தக் காப்பீட்டை விற்பதே தவறு. பலர் ஆண்டுக்கணக்கில் வீணாகக் கட்டுகிறார்கள்.

பத்து வயதான கார். தேர்ட் பார்ட்டி மட்டும் போதாதா?

சட்டப்படி போதும். காரின் இன்றைய விலை ஒன்றரை லட்சத்துக்குள், அது போனால் தாங்கிக்கொள்வீர்கள் என்றால் சரி. எதிராளியின் சொத்துச் சேத வரம்பை 7.5 லட்சத்திலிருந்து 6,000 ரூபாயாகக் குறைத்தால் சிறிய தள்ளுபடி உண்டு என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு புதுக் காரின் ஹெட்லைட்டே அதைவிட அதிகம்.

பாலிசி காலாவதியாகிவிட்டது. பரீட்சை முடியும் வரை கார் நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

90 நாளுக்குள் புதுப்பித்தால் என்.சி.பி. பிழைக்கும், 91ஆம் நாள் முழுதும் போகும். இடையில் கார் ரோட்டுக்கு வந்தால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். புதுப்பிக்கும்போது வண்டியைக் கம்பெனி ஆய்வு செய்யும். பழைய அடிகள் குறிக்கப்படும், அவற்றுக்குப் பிறகு கிளைம் இல்லை.

ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்கிறார்களே?

கட்டாயம் இல்லை. புதுக் காருக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டியும், மேலே சொன்ன உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடும்தான் கட்டாயம். ஒரே ஐ.டி.வி., ஒரே ஆட்-ஆன் வைத்து மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டி மலிவாக்குவது எளிய தந்திரம். திருட்டு போனால் கையில் வருவதும் குறையும்.

நண்பன் ஓட்டினால்? நண்பர்களை ஏற்றிக் காசு வாங்கினால்?

கார் லைசென்ஸ் உள்ள நண்பன் சம்மதத்தோடு ஓட்டினால் பாலிசி உண்டு. வாடகைக்கு விட்டால் இல்லை. சொந்த உபயோகப் பாலிசி வாடகையை ஏற்காது. பந்தயமும் குடித்து ஓட்டுவதும் அப்படியே.

இடித்துவிட்டால் பையன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

காயம் இருந்தால் 108. பிறகு வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும், எதிர் வண்டியின் எண் தெரியும்படியும் போட்டோ. யாருக்காவது காயம் என்றால் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். நகல். அன்றே கம்பெனிக்குப் போன். சர்வேயர் பார்க்கும் முன் பட்டறையில் பிரிக்க விடக்கூடாது. ஓட்டியது யார் என்பதை மாற்றிச் சொல்லவே கூடாது. மகனுக்குப் பதில் அப்பா ஓட்டினார் என்று எழுதிக் கொடுத்தது, கேமரா பதிவாலும் போன் பதிவாலும் வெளிப்பட்டால், செல்ல வேண்டிய கிளைமும் செத்துப்போகும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசா அல்லது 155255 என்ற எண். அதிலும் தீராவிட்டால் கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மனு. அங்கே வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பாலிசி நகல், லைசென்ஸ் நகல், போட்டோக்கள், மறுப்புக் கடிதம் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.